பீன்ஸ் பெப்டைடுப் பொடி: மாத்திரைக்கு மாற்றாகுமா?

செந்தூல் வாசகியின் கேள்வி, 4 மார்ச் 2024

அம்மாவுக்கு இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் பல ஆண்டுகளாக உண்டு. அரசாங்கக் கிளினிக்கில் மெட்ஃபார்மினும் பெரிண்டோப்ரிலும் கொடுக்கிறார்கள். உறவினர் ஒருவர் வெள்ளை பீன்ஸிலிருந்து எடுத்த “உயிர்ச்செயல் பெப்டைடு” என்று ஒரு டப்பாப் பொடியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். சோற்றின் மாவுச்சத்தை உடம்பில் சேரவிடாதாம். கொதிப்பு மாத்திரையின் வேலையையும் அதுவே செய்துவிடுமாம். உண்மையா? மாத்திரையை நிறுத்தலாமா?

4 மார்ச், இரவு

மாத்திரையை நிறுத்த வேண்டாம். மற்றவற்றை நாளைக்கு எழுதுகிறேன்.

5 மார்ச்

நான் மருத்துவன் அல்லன். பினாங்கில் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்; எனக்கும் இனிப்பு நீர் உண்டு. அரைத்த மாதிரியைக் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அளந்து, 6.25 ஆல் பெருக்கிப் “புரதம் இவ்வளவு” என்று எழுதும் கெல்டால் முறைதான் என் அன்றாட வேலை. டப்பாவின் பின்புறத்தில் அச்சாகும் புரத அளவு பெரும்பாலும் இப்படிக் கிடைத்த எண்ணே. புரதம் முழுதாக இருக்கிறதா, துண்டாகி இருக்கிறதா, அந்தத் துண்டு உடம்பில் எதையாவது செய்யுமா என்ற கேள்விகளுக்கு அந்த எண்ணிடம் பதில் கிடையாது. ஆகவே பின்புற எண்ணைக் காட்டி முன்புற வாசகத்தை யாரேனும் நிரூபித்தால் நம்ப வேண்டாம்.

உறவினர் சொன்னதில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் கலந்திருக்கின்றன. மாவுச்சத்தைத் தடுப்பதாகச் சொல்லப்படுவது ஆல்ஃபா-அமைலேஸ் தடுப்பான். அது பெப்டைடு அன்று, முழுப் புரதம். கொதிப்பைக் குறைப்பதாகச் சொல்லப்படுவதுதான் பெப்டைடு. கட்டிய மாலையை அங்கங்கே அறுத்தால் கிடைக்கும் சிறு சரங்களைப் போல, ஒரு புரதத்தை நொதிகள் வெட்டும்போது கிடைக்கும் சில அமினோ அமிலங்களின் தொடர் அது. முதலாவது வேலை செய்ய வேண்டுமானால் வெட்டுப்படாமல் குடல் வரை போய்ச் சேர வேண்டும். இரண்டாவதோ வெட்டுப்பட்டால்தான் பிறக்கும். இவ்விரண்டையும் ஒரே பெயரில் ஒரே டப்பாவில் அடைத்து விற்பவருக்குத் தாம் விற்பது இன்னதென்று தெரியவில்லை, அல்லது நமக்குத் தெரியக் கூடாதென்று நினைக்கிறார்.

6 மார்ச்

கொதிப்பைப் பற்றி முதலில் எழுதுகிறேன், ஏனெனில் அதில்தான் அறிவியல் சுவையாக இருக்கிறது.

நம் உடம்பில் ஏ.சி.இ. என்றொரு நொதி இருக்கிறது. அது இரத்தக் குழாய்களை இறுகச் செய்யும் ஆஞ்சியோடென்சின் 2 என்ற பொருளை உண்டாக்குகிறது. அந்த நொதியைத் தடுத்தால் அழுத்தம் குறையும். பிரேசில் நாட்டு ஜராராக்கா விரியனின் நஞ்சில் இருந்த சிறு பெப்டைடுகள் இந்நொதியைத் தடுப்பதைக் கண்ட பிறகு, அவற்றை முன்மாதிரியாக வைத்து உருவாக்கப்பட்ட மாத்திரைதான் கேப்டோப்ரில். அமெரிக்காவில் 1981இல் அதற்கு அனுமதி கிடைத்தது. அம்மா சாப்பிடும் பெரிண்டோப்ரில் அதே குடும்பத்தில் பின்னால் வந்தது. எனவே “பெப்டைடு கொதிப்பைக் குறைக்கும்” என்ற பேச்சை மூடநம்பிக்கை என்று ஒதுக்க முடியாது. அதற்குப் பரம்பரை இருக்கிறது, அது பாம்பில் தொடங்கினாலும்.

பீன்ஸ் புரதத்தை ஆல்கலேஸ் போன்ற தொழிற்சாலை நொதியாலோ, வயிற்றின் பெப்சினையும் கணையத்தின் நொதிகளையும் அடுத்தடுத்துச் சேர்த்தோ வெட்டினால், ஏ.சி.இ. நொதியைத் தடுக்கும் துண்டுகள் கிடைக்கின்றன. இது பல ஆய்வுக் கூடங்களில் மீண்டும் மீண்டும் காட்டப்பட்டிருக்கிறது. இன்சுலின் சுரக்கத் தூண்டும் இன்கிரெட்டின் ஹார்மோனைச் சிதைக்கும் டி.பி.பி.-4 நொதியைத் தடுக்கும் துண்டுகளும் அப்படியே கிடைக்கின்றன. இனிப்பு நீருக்குக் கொடுக்கும் சிட்டாக்ளிப்டின் மாத்திரை குறிவைப்பதும் அந்த நொதியைத்தான். உயிர்வளியேற்றத்தை எதிர்க்கும் (ஆன்டிஆக்ஸிடன்ட்) துண்டுகளும் உண்டு, ஆனால் அந்தச் சோதனையில் நல்ல மதிப்பெண் வாங்காத தாவரச் சாற்றை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன் என்பதால் அதற்கு அதிக மதிப்புக் கொடுப்பதில்லை.

இந்தத் தடுப்பெல்லாம் சோதனைக் குழாயில் நடந்தவை. குழாயில் நொதியும் பெப்டைடும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. உடம்பிலோ அந்தப் பெப்டைடு வயிற்றைத் தாண்ட வேண்டும், குடலில் இன்னும் சிறிதாக வெட்டுப்படாமல் தப்ப வேண்டும், குடல் சுவரைக் கடக்க வேண்டும், பிறகு இரத்தத்திலுள்ள நொதிகளிடமும் சிக்காமல் இருக்க வேண்டும். இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் கொண்ட துண்டுகளைக் கடத்தப் பெப்ட்-1 என்ற கடத்தி குடல் சுவரில் இருக்கிறது. அதைவிட நீண்டவை உள்ளே போவது கடினம். மேலும், கேப்டோப்ரில் நானோமோலார் அளவிலேயே நொதியை மடக்கிவிடுகிறது. உணவுப் பெப்டைடுகளுக்குப் பெரும்பாலும் மைக்ரோமோலார் அளவு வேண்டியிருக்கிறது. ஒன்றுக்கும் மற்றதற்கும் ஆயிரம் மடங்கு இடைவெளி.

இவ்வகையில் மனிதர்களிடம் மிக அதிகமாகச் சோதிக்கப்பட்டவை நொதித்த பாலில் கிடைக்கும் இரு பெப்டைடுகள். அவையும் ஜப்பானியர்களிடம் இரத்த அழுத்தத்தைச் சில புள்ளிகள் குறைத்தன, ஐரோப்பியர்களிடம் அதைவிடக் குறைவாகவே பலித்தன. பீன்ஸ் பெப்டைடுகள் அந்தக் கட்டத்தையே இன்னும் எட்டவில்லை.

6 மார்ச், சற்றுப் பிறகு

“அப்படியானால் பொடியும் மாத்திரையும் ஒரே வேலையைத்தானே செய்கின்றன?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரே நொதியைத் தொடுகின்றன. ஒரே வேலையைச் செய்கின்றன என்று சொல்ல மனிதர்களிடம் அளந்த எண் வேண்டும்.

9 மார்ச்

இப்போது மாவுச்சத்துத் தடுப்பான். இந்தக் கதை ஏற்கெனவே நடந்து முடிந்த ஒன்று என்பது பலருக்குத் தெரியாது.

பீன்ஸ் விதையிலுள்ள ஆல்ஃபா-அமைலேஸ் தடுப்பான் நம் உமிழ்நீரிலும் கணைய நீரிலும் உள்ள அமைலேஸைக் கட்டிப்போடுகிறது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இதை மாத்திரையாக்கி, “வேண்டிய அளவு ரொட்டி சாப்பிடுங்கள், உடம்பில் ஒட்டாது” என்று விற்றார்கள். 1982இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அந்த விற்பனையை நிறுத்தச் சொன்னது. அதே ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், மாவுச்சத்து நிறைந்த உணவோடு அந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தபோது உடம்பில் சேர்ந்த கலோரியில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. அம்மாத்திரைகளில் தடுப்பானின் அளவு போதவில்லை. நம் கணையமோ தேவைக்கு மிஞ்சியே அமைலேஸைச் சுரக்கிறது.

அத்துடன் கதை முடிந்துவிடவில்லை. 1985 வாக்கில் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் தடுப்பானை ஓரளவு தூய்மைப்படுத்தி, அதிக அளவில் நேராகச் சிறுகுடலுக்குள் செலுத்தினார்கள். அப்போது அங்கிருந்த அமைலேஸ் உண்மையிலேயே செயலிழந்தது. ஆக, பொருள் பொய்யன்று. கடையில் விற்கப்பட்ட வடிவந்தான் பயனற்றது. இன்றைக்கு விற்கும் வெள்ளை பீன்ஸ் சாறுகள் அவற்றைவிட மேம்பட்டவை. சில சோதனைகளில் எடை சிறிது குறைந்திருக்கிறது, சிலவற்றில் குறையவில்லை. சோதனைகள் சிறியவை, குறுகிய காலத்தவை. பல டப்பாக்களில் எத்தனை அலகு தடுக்கும் திறன் இருக்கிறது என்ற எண்ணே கிடையாது. அந்த எண் இல்லாத டப்பாவை வாங்குவதும் 1982க்குத் திரும்புவதும் ஒன்று.

தடுப்பான் நன்றாகவே வேலை செய்கிறது என்று வைத்துக்கொண்டாலும், செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு விருந்தாகும். அதன் பலனை எல்ஆர்டி ரயிலில் பக்கத்தில் நிற்பவரும் அனுபவிப்பார்.

10 மார்ச்

“டப்பா எதற்கு? வெள்ளை பீன்ஸை வீட்டிலேயே வறுத்து அரைத்துச் சோற்றில் தூவிக்கொள்கிறேன்” என்று பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்.

தயவுசெய்து செய்யாதீர்கள். 2006 மே மாதத்தில் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி கிட்டத்தட்ட இதே யோசனையைத்தான் சொன்னது: வெள்ளை பீன்ஸைச் சில நிமிடம் வறுத்து, அரைத்து, சோற்றில் தூவிச் சாப்பிட்டால் இளைக்கலாம் என்று. பார்த்துச் செய்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக அவதிப்பட்டார்கள், சிலரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. இளைத்திருப்பார்கள், ஐயமில்லை.

13 மார்ச்

அந்த வாந்திக்குக் காரணமான பொருளைப் பற்றித் தனியே எழுத வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளுக்கு இது பெப்டைடைவிடப் பெரிய செய்தி.

பீன்ஸ் விதையில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற லெக்டின் இருக்கிறது. இதுவும் ஒரு புரதமே. செல்களின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளைப் பற்றிக்கொள்ளும் தன்மை உடையது. பச்சையாக உள்ளே போனால் குடல் சுவரைப் பற்றிக்கொண்டு படுத்திவிடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் கையேடு தரும் எண்களைப் பாருங்கள்: வேகாத சிவப்பு பீன்ஸில் 20,000 முதல் 70,000 அலகு, முழுதாக வெந்ததில் 200 முதல் 400. வெள்ளை பீன்ஸில் சிவப்பில் உள்ளதைப் போல ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. நாலைந்து பச்சை விதைகளே போதும். ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் குமட்டல் தொடங்கிவிடும். பெரும்பாலோர் சில மணி நேரத்தில் தேறிவிடுவார்கள் என்பது ஒன்றே ஆறுதல்.

செய்முறை எளிது. குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கும் நிலையில் முப்பது நிமிடம் வேகவைக்க வேண்டும். பிரஷர் குக்கரில் வைத்தால் கவலையே இல்லை. நம் ஊர் வெப்பத்தில் இரவு முழுவதும் அடுப்படியில் ஊறவைத்தால் காலையில் நுரை கட்டிவிடும். குளிர்பெட்டியில் ஊறவைப்பது நல்லது.

அச்சம் தர வேண்டியது மெல்லச் சமைக்கும் மின்சாரப் பானை. எங்கள் அடுக்குமாடியில் ஒரு குடும்பம் ஊறவைத்த சிவப்பு பீன்ஸைக் கோழிக் குழம்போடு சேர்த்து அப்படியொரு பானையில் காலையில் போட்டுவிட்டு வேலைக்குப் போனது. இரவு உணவுக்குப் பிறகு வீடு முழுவதும் வாந்தி. கோழி கெட்டுவிட்டது என்று கோழிக்காரரை வைதார்கள். சட்டியில் மிச்சமிருந்ததை நான் பார்த்தேன்: பீன்ஸ் மென்மையாகத்தான் இருந்தது, ஆனால் கடித்தால் நடுவில் மாவாக உடைந்தது, மசியவில்லை. நான் அதைப் பரிசோதிக்கவில்லை, ஆகவே அடித்துச் சொல்ல மாட்டேன். எனினும் 80 பாகை செல்சியஸுக்குக் கீழே நெடுநேரம் சூடானால் இந்த லெக்டின் அழிவதற்கு மாறாக வீரியம் ஐந்து மடங்கு வரை கூடலாம் என்று அதே கையேடு எச்சரிக்கிறது. மென்மையாக இருக்கிறது என்பதால் வெந்துவிட்டது என்று பொருளாகாது. கொதித்திருக்க வேண்டும்.

இதே லெக்டினுக்கு ஒரு நன்றிக்கடனும் உண்டு. 1960இல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல் என்பவர், இரத்தத்திலிருந்து சிவப்பணுக்களைப் பிரிக்க இதைப் பயன்படுத்தியபோது, வெள்ளையணுக்கள் பிளவுபடத் தொடங்குவதைக் கண்டார். அதன் பின்னரே சாதாரண இரத்த மாதிரியிலிருந்து மனிதக் குரோமோசோம்களைப் படிப்பது எளிதாயிற்று. டவுன் நோய்க்குறி உள்ளதா என்று குழந்தையின் இரத்தத்தைச் சோதிக்கும் கூடங்களில் இன்றும் பீன்ஸ் லெக்டின் பயன்படுகிறது. வயிற்றுக்குள் தொல்லை, சோதனைக் குழாயில் உதவி. உயிர்ச்செயல் என்ற அடைமொழி நன்மையை மட்டும் குறிப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

14 மார்ச்

முளைகட்டினால் லெக்டின் போய்விடுமா? போகாது. பாசிப்பயற்றை முளைகட்டிச் சாப்பிடும் பழக்கத்தைச் சிவப்பு பீன்ஸுக்கு நீட்ட வேண்டாம்.

20 மார்ச்

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஓர் அக்கா கேட்டிருப்பது இந்த இழையிலேயே நல்ல கேள்வி: “கொதிக்க வைத்தால் லெக்டின் அழிகிறது, தடுப்பானும் அழிகிறது. பிறகு சட்டியில் எந்த உயிர்ச்செயல் மிஞ்சுகிறது?”

அமைலேஸ் தடுப்பானில் பெரும்பகுதி போய்விடும் என்பது உண்மை. ஆனால் விதைப் புரதத்தில் ஏறத்தாழ பாதியாக இருப்பது ஃபேசியோலின் என்ற சேமிப்புப் புரதம். பச்சையாக இருக்கும்போது அது மிக இறுக்கமாக மடிந்து, சர்க்கரைச் சங்கிலிகளும் ஒட்டிக்கொண்டு, நொதிகள் வெட்ட இடம் கொடாமல் நிற்கும். சூடு அந்த மடிப்பை அவிழ்க்கிறது. அதன் பிறகுதான் பெப்சினும் டிரிப்சினும் அதை வெட்ட முடிகிறது. ஆய்வுக் கூடங்களில் கண்டெடுத்த பெப்டைடுகளில் கணிசமானவை இதிலிருந்து பிறந்தவையே. ஆகவே கொதிக்கவைப்பது தீமையைப் போக்கும் வேலையையும் பெப்டைடுக்கு வழிவிடும் வேலையையும் ஒருசேரச் செய்கிறது. தொழிற்சாலையில் ஆல்கலேஸ் செய்வதை நம் வயிறு காசில்லாமல் செய்கிறது, வெட்டும் இடங்கள் வேறாக இருந்தாலும்.

மற்றொன்று பௌமன்-பர்க் தடுப்பான். மிகச் சிறிய புரதம். ஏழு இரட்டைக் கந்தகப் பிணைப்புகள் அதைக் கெட்டியாகப் பிடித்திருப்பதால் மற்றப் புரதங்களைவிடச் சூட்டைத் தாங்கும். டிரிப்சினைத் தடுப்பதால் இதை நெடுங்காலம் சத்துக்கு எதிரான பொருள் என்றே எழுதினார்கள். பிறகு சோயாவில் உள்ள அதன் உடன்பிறப்பைப் புற்றுநோய்த் தடுப்புக்காக மனிதர்களிடமே சோதித்துப் பார்த்தார்கள். பெரிய பலன் கிட்டியது என்று சொல்வதற்கில்லை. ஒரு பொருளின் பெயருக்கு முன்னால் இருக்கும் அடைமொழி இருபது ஆண்டுகளில் தலைகீழாக மாறுவதைப் பார்த்த எனக்கு, இப்போதைய அடைமொழியிலும் முழு நம்பிக்கை வருவதில்லை.

22 மார்ச்

மேலே எழுதியதை மீண்டும் படித்தபோது ஒன்று உறுத்தியது. பெப்டைடுகளைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, பீன்ஸ் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதை எழுதாமல் விட்டிருக்கிறேன். அதற்குத்தான் மனிதர்களிடம் அளந்த எண்கள் இருக்கின்றன.

டொரோண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் இரண்டாம் வகை இனிப்பு நீர் உள்ள 121 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மூன்று மாதம் நாள்தோறும் ஒரு கோப்பையாவது பீன்ஸ், கொண்டைக்கடலை, பருப்பு வகைகளைச் சாப்பிடச் சொன்னார்கள். மற்றப் பிரிவினருக்கு முழுக் கோதுமை உணவுகள். 2012இல் வெளியிட்ட முடிவின்படி, இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி முதல் பிரிவில் 0.5 புள்ளியும் இரண்டாவதில் 0.3 புள்ளியும் குறைந்தது. இரத்த அழுத்தமும் முதல் பிரிவில் கூடுதலாக இறங்கியது. எண்கள் சிறியவைதாம், ஆனால் அவை உண்மையான மனிதர்களின் இரத்தத்தில் அளக்கப்பட்டவை.

2019 தேசிய உடல்நல ஆய்வு மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பதாகச் சொன்னது. இந்தியரிடையே அது 30 விழுக்காட்டையும் தாண்டியது. அந்தக் கணக்கில் நானும் ஒருவன் என்பதால் என் விரலைக் குத்தி அளந்து பார்த்தது உண்டு. மாமாக் கடைச் சோறு முழுத் தட்டு உண்ட பின்னர் ஏறும் அளவும், வீட்டில் பாதிச் சோற்றோடு சிவப்பு பீன்ஸ் பிரட்டல் உண்ட பின்னர் ஏறும் அளவும் வெவ்வேறு உலகம். இதைப் பெப்டைடின் புகழ் என்று நான் எழுத மாட்டேன். சோறு பாதியானதே முதற்காரணம். மெதுவாகச் செரிக்கும் மாவுச்சத்தும் நார்ச்சத்தும் அடுத்த காரணங்கள். ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்பதைக் காட்டும் கிளைசீமிக் குறியீடு அவித்த சிவப்பு பீன்ஸுக்கு 24 அளவில் இருக்கும்போது வெள்ளைச் சோற்றுக்கு 73. பெப்டைடுகள் அவற்றோடு சேர்ந்து ஏதோ சிறிது செய்யலாம். எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் கருவி என் சமையலறையில் இல்லை, டொரோண்டோவிலும் அதைப் பிரிக்கவில்லை.

புரதத்தைப் பற்றி ஒரு சொல். காய்ந்த விதையில் 20 முதல் 25 விழுக்காடு. அவித்ததில் நூறு கிராமுக்கு எட்டு ஒன்பது கிராம். அதில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு, லைசின் என்ற மற்றொன்று நிறைய. அரிசியில் லைசின் குறைவு. இரண்டும் ஒரே தட்டில் இருந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும்.

22 மார்ச், இரவு

செண்டோல் என்ற ஐஸ் இனிப்பில் போடும் சிவப்பு பீன்ஸ் கணக்கில் வருமா என்று கேட்பவருக்கு: பீன்ஸ் கணக்கில் வரும். அதன் மேல் ஊற்றும் கூலா மலாக்கா என்ற பனைவெல்லப் பாகும் கணக்கில் வரும்.

2 ஏப்ரல்

சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள மகனுக்குப் பீன்ஸ் கொடுக்கலாமா என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார். இந்த நாட்டில் பிறக்கும் குழந்தைகளை இதற்காகச் சோதிப்பதால் பல வீடுகளில் எழும் கேள்வி. அந்தக் குழந்தைகளின் சிவப்பணுக்களை உடைப்பவை ஃபாவா அவரையில் உள்ள வைசினும் கான்வைசினும். அவை இரண்டும் புரதமல்ல. சிவப்பு, வெள்ளை, கறுப்பு பீன்ஸ்களில் உள்ள பொருள்களும் அல்ல. ஆனால் கச்சான் பூத்தே என்ற வறுத்த கடலை வகைகளை விற்பவரிடம் வாங்கும் கலவைப் பொட்டலத்தில் வறுத்த ஃபாவா இருக்கக்கூடும். அதைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுக்கலாம் என்று எண்ணாமல் அந்தப் பொட்டலத்தையே தவிர்த்துவிடுங்கள். மற்ற ஐயங்களைக் குழந்தையின் மருத்துவரிடம் கேளுங்கள்.

3 ஏப்ரல்

இந்த இழையில் நான் பீன்ஸ் என்று எழுதுவதெல்லாம் பேசியோலஸ் வல்காரிஸ் என்ற ஒரே இனத்தின் விதைகள். மெக்சிக்கோவிலும் ஆண்டீஸ் மலைப்பகுதியிலும் தனித்தனியே பயிராக்கப்பட்டவை. கேமரன் மலையிலிருந்து வரும் பச்சை பீன்ஸ் இதே செடியின் பிஞ்சுக் காய். தக்காளிச் சாற்றில் மிதக்கும் டின் பீன்ஸும் இதே இனம். காராமணி, மொச்சை, பாசிப்பயறு ஆகியவை வேறு இனங்கள், அவற்றின் புரதங்களும் வேறு.

11 ஏப்ரல்

“புரதம் புரதந்தானே, எதிலிருந்து எடுத்தால் என்ன?” என்று வாதிட்டவருக்காக இதை எழுதுகிறேன்.

செடி அந்த அமைலேஸ் தடுப்பானை நமக்காக உண்டாக்கவில்லை. விதையைத் துளைக்கும் வண்டுகளின் செரிமானத்தைக் கெடுப்பதற்காக உண்டாக்குகிறது. அதனால் ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்கள் அதன் மரபணுவைப் பட்டாணிச் செடியில் புகுத்தினார்கள். பட்டாணி வண்டு அடங்கியது. ஆனால் அந்தப் பட்டாணியைத் தின்ற எலிகளின் நோயெதிர்ப்பு அமைப்பு கிளர்ந்து எழுந்தது, நுரையீரலில் அழற்சி தெரிந்தது. அமினோ அமில வரிசை பீன்ஸில் உள்ளதைப் போன்றதுதான். பட்டாணிச் செடி அதன்மேல் ஒட்டிய சர்க்கரைச் சங்கிலிகளில்தான் வேறுபாடு இருந்தது. 2005இல் அம்முடிவு வெளிவந்தது, பத்தாண்டு உழைப்பைக் கைவிட்டார்கள். பின்னர் வேறொரு குழு, மரபணு மாற்றாத பீன்ஸுக்கும் எலிகள் அப்படியே எதிர்வினை காட்டுவதாக எழுதியதால் அந்த விளக்கமே விவாதத்துக்கு உள்ளாயிற்று. எப்படியாயினும், எந்தச் செடியிலிருந்து, எந்தச் சூட்டில், எந்த நொதியால் எடுத்தார்கள் என்ற விவரம் இல்லாத பொடியைப் பற்றி மற்றோர் ஆய்வின் முடிவைக் காட்டி விளம்பரம் செய்வது முறையன்று. இந்தத் துறையில் எனக்குள்ள பெரிய வருத்தம் இதுதான்.

19 ஏப்ரல்

செந்தூல் வாசகி அம்மாவின் அண்மைய இரத்தச் சோதனை முடிவைப் பற்றி எழுதியிருக்கிறார். சிறுநீரகத்தின் செயல்பாடு குறைந்திருப்பதாக மருத்துவர் சொன்னாராம். இதனால் மார்ச் 22 அன்று நான் எழுதியதன் மேல் ஒரு நிபந்தனை வைக்க வேண்டியிருக்கிறது.

நூறு கிராம் அவித்த சிவப்பு பீன்ஸில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. நல்ல சிறுநீரகத்துக்கு அது நன்மை. செயல் குன்றிய சிறுநீரகம் அதை வெளியேற்றத் திணறும், பெரிண்டோப்ரில் வகை மாத்திரையும் பொட்டாசியத்தைச் சற்று உயர்த்தும். ஊறவைத்த நீரையும் வேகவைத்த நீரையும் கொட்டினால் ஒரு பகுதி குறையும், முழுதும் போகாது. ஆகையால் நாள்தோறும் ஒரு கோப்பை என்ற டொரோண்டோக் கணக்கை அம்மாவுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கிளினிக்கில் உள்ள உணவியல் அலுவலரிடம் பொட்டாசியம் எண்ணைக் காட்டி, எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். அந்தப் பொடியையும் கையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள். செறிவூட்டிய புரதப் பொடி சிறுநீரகத்துக்குக் கூடுதல் சுமையாகலாம். மாத்திரையைப் பற்றி முதல் நாள் எழுதிய ஒரு வரியில் மாற்றமில்லை.

5 மே

“எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் பீன்ஸ் கல்லாகவே இருக்கிறது, லெக்டின் போயிருக்குமா?” என்று கேட்டவருக்கு. தளதளவென்று முப்பது நிமிடம் கொதித்திருந்தால் லெக்டின் போயிருக்கும், ஆனால் அந்தக் கடினத்துக்குக் காரணம் வேறு. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த விதைகள் வேகாத தன்மையை அடைந்துவிடுகின்றன; விதைக்குள்ளிருக்கும் ஃபைட்டேட் சிதைந்து, விடுபட்ட கால்சியம் செல் சுவரின் பெக்டினோடு பிணைந்து இறுகிவிடுவது ஒரு காரணம். நம் பருவநிலை அதற்கென்றே அமைந்தது. லெபோ பாசாரில் மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுக்கும் கடையில், சரக்கு விரைவில் விற்றுத் தீரும் கடையாகப் பார்த்து வாங்குகிறேன். வீட்டுக்கு வந்ததும் குளிர்பெட்டிக்குள் போய்விடும். ஊறவைக்கும் நீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் பழைய விதையும் ஓரளவு இளகும்.

நேரமில்லாதவர்கள் டின் பீன்ஸ் வாங்கலாம். டின்னுக்குள் 121 பாகைச் சூட்டில் வேகவைப்பதால் லெக்டின் அச்சம் இல்லை. உப்பு மட்டுமே குறை. வடிகட்டியில் கொட்டிக் குழாயடியில் அலசினால் அதில் கணிசமான பங்கு போய்விடும். தக்காளிச் சாறும் சர்க்கரையும் சேர்த்த வகையை விட்டுவிட்டு, வெறும் உப்பு நீரில் இருப்பதை எடுங்கள்.